‘கிறிஸ்துவுக்குள் என் அடையாளம்’ என்றால் என்ன?

நான் யார், எனக்கு என்ன மதிப்பு என்ற கேள்விக்கு, வேலை, சாதி, மதிப்பெண், சம்பளம் இவற்றை வைத்துப் பதில் சொல்லாமல், ‘கடவுள் என்னைத் தம் பிள்ளையாக ஏற்றுக்கொண்டார்’ என்பதை வைத்துப் பதில் சொல்வதுதான் இது.

இதன் வேர் அப்போஸ்தலர் பவுலின் நிருபங்களில், அதாவது புதிய ஏற்பாட்டில் உள்ள அவரது கடிதங்களில், இருக்கிறது. ரோமர் 8:15, கலாத்தியர் 4:5, எபேசியர் 1:5 மூன்றிலும் அவர் ஒரே கிரேக்கச் சொல்லை ஆளுகிறார்: ஹுயோதெசியா. தமிழ் வேதாகமத்தில் அது ‘புத்திரசுவிகாரம்’, அதாவது தத்தெடுப்பு. ரோமச் சட்டத்தில் தத்துப்பிள்ளைக்குப் பெற்ற பிள்ளைக்குரிய அதே வாரிசுரிமை உண்டு. கி.பி. 4இல் அகஸ்டஸ் தத்தெடுத்த திபேரியுதான் அவருக்குப் பின் பேரரசர் ஆனார். ரோமாபுரியில் இருந்த வாசகருக்கு அந்தச் சொல்லின் கனம் உடனே புரிந்திருக்கும்.

மதிப்பெண் பட்டியலையும் ரேஷன் கார்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னதில் எண்கள் நாம் எழுதியதைப் பொறுத்தவை. கார்டில் குழந்தையின் பெயர் ஏறுவது அது எதையும் சாதித்ததால் அல்ல, அந்த வீட்டுப் பிள்ளை என்பதால். இயேசுவும் ஞானஸ்நானத்தில் ‘நேசகுமாரன்’ என்ற கடவுளின் குரலைக் கேட்டது, ஊழியத்தைத் தொடங்கும் முன்பே (மாற்கு 1:11).

பலர் தடுக்கி விழுவது ஓரிடத்தில்தான்: தவறு செய்த அன்று ஜெபத்தைத் தள்ளிப்போடுவார்கள், ‘கொஞ்சம் திருந்திவிட்டு வருகிறேன்’ என்று. அது மறுபடியும் மதிப்பெண் கணக்கு. அன்றைக்கே, ‘பிதாவே’ என்று தொடங்கி, செய்ததைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள்.

அப்படியானால் எப்படியும் வாழலாமா என்றால், இல்லை. பிள்ளை என்பதால்தான் கண்டிப்பும் உண்டு என்கிறது எபிரெயர் 12ஆம் அதிகாரம்.