லென்னி புரூஸ்: வழக்கும் சிரிப்பும் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

அமெரிக்க ஸ்டாண்ட்-அப் காமெடியின் முன்னோடி என்று சொல்லப்படும் லென்னி புரூஸின் ஒலிப்பதிவுகள் சிலவற்றைக் கேட்டேன். சிரிப்பே வரவில்லை. பாதி நேரம் தன் வழக்குகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார். ஆபாச வழக்குகளும் அகால மரணமும் இல்லாவிட்டால் இவரை இன்று யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

ச. வி.

அன்புள்ள ச. வி.,

நீங்கள் கேட்டவை அவருடைய கடைசி ஆண்டுகளின் பதிவுகளாகத்தான் இருக்க வேண்டும். அவற்றில் சிரிப்பு குறைவு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வழக்குகள்தான் அவரைப் பெரிய ஆளாக்கின என்பதை ஏற்க மாட்டேன்.

மேடையில் ஆபாசமாகப் பேசினார் என்பதற்கான முதல் கைது 1961 அக்டோபரில், சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது. அதற்குள் அவருடைய முக்கியமான இசைத்தட்டுகள் வெளிவந்துவிட்டன. அதே ஆண்டு பிப்ரவரியில், பனிப்புயலில் நியூயார்க் முடங்கிக் கிடந்த ஒரு நள்ளிரவில், புகழ்பெற்ற இசையரங்கமான கார்னகி ஹாலில் கூட்டத்தை வைத்து நிகழ்ச்சியும் நடத்திவிட்டார். 1950களின் இறுதியில் அவர் செய்த ஒரு பகுதியில், மதத் தலைவர்கள் விற்பனைப் பிரதிநிதிகளைப் போலக் கூடி வியாபாரம் பேசுகிறார்கள். நடுவே போப்பாண்டவரோடு தொலைபேசி உரையாடல் ஒன்று வருகிறது. இந்தப் பக்கம் பேசுகிற பிரசங்கியார், தன் நடிகரின் மார்க்கெட்டைக் கவனித்துக்கொள்ளும் சினிமா ஏஜென்ட்டின் குரலில் அவரிடம் குழைகிறார். அதில் கெட்ட வார்த்தை எதுவும் தேவைப்படவில்லை. அந்தக் குழைவே போதுமானதாக இருந்தது.

1964 ஏப்ரலில் நியூயார்க்கின் ‘கஃபே ஓ கோ கோ’ என்ற கேளிக்கை விடுதியில் கைதான பிறகு நடந்த விசாரணைதான் கொடுமையானது. நகராட்சியின் உரிமம் வழங்கும் துறை ஆய்வாளர் ஒருவர் பார்வையாளர்களிடையே உட்கார்ந்து, காதில் விழுந்ததைத் துண்டு துண்டாகக் குறித்துக்கொண்டு போய், நீதிமன்றத்தில் அந்தக் குறிப்புகளைப் பார்த்து நிகழ்ச்சியைச் சொல்லிக் காட்டினார். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லை யாருடைய குரலில் சொல்ல வேண்டும் என்பதில்தான் புரூஸின் கலையே இருந்தது. அது எதுவும் தெரியாத ஒருவரின் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுத் தன்னை எடைபோடுகிறார்கள் என்று அவர் புழுங்கினார். நிகழ்ச்சியைத் தானே நடத்திக் காட்ட அனுமதி கேட்டபோது நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள். மூவரில் இருவர் குற்றவாளி என்றார்கள். நான்கு மாதத் தண்டனை கிடைத்தது.

மேல்முறையீட்டுக்காக ஜாமீனில் இருந்த அவர், அதன் பிறகு மேடையில் ஏறி விசாரணைப் பிரதிகளை வாசிக்கத் தொடங்கினார். உங்களுக்குச் சலிப்பூட்டியது அதுதான். உரிமம் போய்விடுமோ என்ற பயத்தில் விடுதிக்காரர்கள் அவரை அழைப்பதை நிறுத்திக்கொண்டார்கள், 1965இல் திவாலானார். இதில் அவருக்கும் பங்கில்லாமல் இல்லை: போதைப்பழக்கம் இருந்தது, கைதேர்ந்த வழக்கறிஞர்களை விலக்கிவிட்டுத் தானே வாதாடப் போனார். 1966 ஆகஸ்டில் அளவுக்கு மிஞ்சிய மார்ஃபினால் இறந்தபோது வயது 40. நியூயார்க் ஆளுநர் ஜார்ஜ் பட்டாகி பொதுமன்னிப்பு வழங்கியது 2003இல். மேடையேற ஆளில்லாத காலத்தில் வந்த மன்னிப்பு.

ஆகவே 1961க்கு முந்தைய பதிவுகளிலிருந்து தொடங்குங்கள். அக்கால நடிகர்கள், வானொலிப் பிரபலங்கள் குறித்த கிண்டல்கள் நமக்குப் பிடிபடாமல் போகும். அவற்றைத் தாண்டிச் சென்றுவிடலாம். போப்பாண்டவரின் தொலைபேசி உரையாடலுக்கும் சிரிப்பு வரவில்லையென்றால் மறுபடி எழுதுங்கள்.