காற்றை அமுக்கினால் கரண்ட் எங்கே போகிறது?

கே: சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பக்கம் சுடுகிறது. வாஷர் உரசுவதாலா?

ப: உரசலுக்குக் கொஞ்சம்தான் பங்கு. ட்யூபில் மாட்டாமல் வெறுமனே இருபது தடவை அடித்துப் பாருங்கள், அவ்வளவு சூடேறாது. உங்கள் கை உழைப்புதான் காற்றில் வெப்பமாக இறங்குகிறது. 30 டிகிரிக் காற்றை, வெப்பம் வெளியேற விடாமல், ஒரே அமுக்கில் எட்டு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால் கணக்குப்படி 275 டிகிரியைத் தொடும்.

கே: கம்ப்ரசர் டேங்க் ஆறியதும் அந்த வெப்பம் போய்விடுகிறதே. அப்புறம் உள்ளே மிச்சம் என்ன?

ப: பொறியியல் படித்தவர்களே சறுக்கும் இடம் இது. ஆறிய டேங்க் காற்றின் அக ஆற்றல் (மூலக்கூறுகளின் அசைவில் அடங்கிய ஆற்றல்), அதே எடையுள்ள வெளிக்காற்றுக்கு இருப்பதுதான். கூடுதலாக எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். நீங்கள் கட்டிய கரண்ட் பில் ஏறக்குறைய முழுவதும் ஷெட்டைச் சூடாக்கத்தான் போயிருக்கிறது! உள்ளே இருப்பது அழுத்த வித்தியாசம், அதாவது விரிந்து வேலை செய்யும் வாய்ப்பு. விரியும்போது காற்று தன் வெப்பத்தையே செலவழிக்கிறது. குளிர்ந்தபின் சுற்றுப்புறத்திடம் கடன் வாங்குகிறது. டயர் கடையில் நட் கழற்றும் கன் விடாமல் ஓடினால், காற்று வெளியேறும் வாய் சில்லிட்டு வியர்த்திருக்கும். தொட்டுப் பாருங்கள்.

ஜெர்மனியின் ஹன்டார்ஃப் மின்நிலையம் 1978 முதல், மின்சாரத்தைச் சேமிக்க, உப்புப் படிவக் குகைகளில் காற்றை அமுக்கி அடைத்துவைக்கிறது. அமுக்கும்போது வரும் வெப்பத்தை வெளியே விட்டுவிட்டு, விரிக்கும் நேரத்தில் இயற்கை எரிவாயு எரித்துச் சூடேற்றுகிறார்கள். விட்டதையே காசு கொடுத்துத் திரும்ப வாங்குவது மாதிரி.

கே: அமுக்கிய காற்றில் ஓடும் கார் ஏன் கடைக்கு வரவில்லை?

ப: 300 லிட்டர் டேங்கில் 300 பார் (வெளிக்காற்றைப்போல் சுமார் 300 மடங்கு) அழுத்தம் அடைத்தாலும், துளி நஷ்டமில்லாத இன்ஜினிலேயே 12 யூனிட்டுக்குமேல் தேறாது. ஒரு லிட்டர் பெட்ரோலின் வெப்பம் சுமார் 9 யூனிட். இன்ஜின் அதில் கால்வாசியைத்தான் சக்கரத்துக்குத் தரும் என்பதால், பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அந்த 12-ஐ அடைக்க கம்ப்ரசர் விழுங்குவது வெகு அதிகம். விரியும்போது வரும் குளிர்ச்சி இன்னொரு பங்கைத் தின்றுவிடும். அதே கரண்டை பேட்டரியில் ஏற்றிவிடலாம்.

கே: டேங்கில் தண்ணீர் எப்படி வருகிறது? மழைநீர் புக வழியே இல்லையே.

ப: காற்றோடுதான் வருகிறது. 30 டிகிரியில், 80 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். அது எட்டில் ஒரு பங்காகச் சுருங்கி ஆறினால் 4 கிராமுக்குத்தான் இடம். மீதி 20 கிராம் டேங்கில் சொட்டும். மணிக்கு 10 கனமீட்டர் இழுக்கும் கம்ப்ரசரில் மணிக்கு ஒரு டம்ளர். தினமும் அடி வால்வைத் திறந்துவிடுங்கள். துரு கலந்த பழுப்புத் தண்ணீர் வந்தால் டேங்கைச் சோதிக்கக் கொடுங்கள்.