அவர் பார்க்கும் பக்கம் நீங்களும் பாருங்கள்

வாசகர் கேள்வி பதில்

மார்கழி நெருங்குகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆஞ்சநேயர் கோயில்களைப் பற்றியவை. நான் நாமக்கல் கோட்டைப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அவரைப் பார்த்தபடி நடந்தவள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கரூரிலிருந்து சேலத்துக்குக் காரில் போகிறோம். வழியில் நாமக்கல் ஆஞ்சநேயரைப் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். போதுமா? — வாசகர், கரூர்

போதும். ஆனால் ஒன்று, நேராக ஆஞ்சநேயரிடம் போகாதீர்கள். முதலில் எதிரே மலையடியில் இருக்கும் நரசிம்மரிடம் போங்கள்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களில் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். காரை நிறுத்துகிறார்கள், 18 அடி உயரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள், வடைப் பிரசாதம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு அடித்துக்கொள்ளும். அந்த ஆஞ்சநேயர் கை கூப்பி நிற்கிறார் அல்லவா? நம்மைப் பார்த்து அவர் கும்பிடவில்லை. தெருவைத் தாண்டி, எதிரே குகைக்குள் உட்கார்ந்திருக்கும் நரசிம்மரைப் பார்த்துக் கும்பிடுகிறார். அவர் யாரைப் பார்க்கிறார் என்று தெரியாமல் திரும்பிப் போனால் பாதி தரிசனம்தான்.

கதை இதுதான். கண்டகி நதியிலிருந்து ஆஞ்சநேயர் ஒரு சாளக்கிராமத்தை, அதாவது பெருமாளாகவே வணங்கும் கல்லை, எடுத்து வந்தார். வழியில் கமலாலயக் குளத்தில் நீராடுவதற்காக அதைக் கீழே வைத்தார். திரும்பி வந்து தூக்கினால் அசையவில்லை. அந்தச் சாளக்கிராமமே மலையாக வளர்ந்து நின்றுவிட்டது. இன்று ஊருக்கு நடுவே நிற்கும் நாமகிரி மலை அதுதான் என்பார்கள். ஆஞ்சநேயருக்கு மேற்கூரை இல்லாததற்கும் இதையே காரணமாகச் சொல்வார்கள். தன் சுவாமி மலையாக வெயிலிலும் மழையிலும் நிற்கும்போது தனக்கு மட்டும் எதற்குக் கூரை என்று அவர் மறுத்துவிட்டாராம். சின்ன வயதில் பெரிய மழை அடித்தால் எங்கள் வீட்டில் முதலில் வரும் பேச்சே, "சாமி நனையுதே" என்பதுதான். அம்மாயி அப்படிச் சொல்லிக்கொண்டே வாசலில் வந்து நிற்பார்.

நரசிம்மர் சன்னதி மலையைக் குடைந்து செய்த குகை. அதியமான் மரபினர் 8ஆம் நூற்றாண்டில் குடைந்தது. சுவரில் இரணியனை வதைக்கும் சிற்பம், வராகர், உலகளந்தவர் எல்லாம் பாறையிலேயே இருக்கின்றன. இரணியன் சிற்பத்துக்கு முன்னால் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். பிறகு நாமகிரித் தாயாரைச் சேவியுங்கள். கணித மேதை ராமானுஜனின் குலதெய்வம் இந்தத் தாயார்தான். அப்புறம் வெளியே வந்து ஆஞ்சநேயரிடம் போங்கள். கும்பிட்டு முடித்ததும் அவருக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் ஒதுங்கி, அவர் பார்க்கும் பக்கம் நீங்களும் ஒரு தடவை பாருங்கள். அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் முடியும்.

வீட்டில் 54 வடை செய்து மாலையாகக் கோத்துப் போட்டேன். மறுநாளே நமுத்துவிட்டது. கோயில் வடை மட்டும் எப்படி நாள்கணக்கில் மொறுமொறுவென்று இருக்கிறது? — வாசகி, திருச்சி

நீங்கள் உளுந்தை இரண்டு மணி நேரம் ஊறவைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் தவறு. அது மெதுவடைக்கான கணக்கு. சுவாமிக்குச் சாற்றும் வடையில் ஈரம் இருக்கவே கூடாது. ஈரம் இருப்பதுதான் நமுத்துப்போவதற்கும் ஊசிப்போவதற்கும் காரணம்.

அம்மாயி செய்ததைச் சொல்கிறேன். தோலோடு கூடிய கறுப்பு உளுந்து. அரை மணி நேரம்தான் ஊற வேண்டும். பிறகு தண்ணீரை ஒட்ட வடித்து, துணியில் கொஞ்ச நேரம் பரப்பிவிடுங்கள். உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது, அரைபடாவிட்டால் கையால் தெளிக்கலாம். மாவைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். மிளகையும் சீரகத்தையும் ஒன்றிரண்டாகப் பொடித்துச் சேருங்கள். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை எதுவும் வேண்டாம். ஒரு கரண்டி சூடான எண்ணெயை மாவில் ஊற்றிப் பிசையுங்கள், கரகரப்பு அதில்தான் வரும்.

வாழை இலையில் எண்ணெய் தடவி, தட்டை போல மெல்லிதாகத் தட்டுங்கள். நடுவில் ஓட்டை கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும், பொரியும்போது சுருங்கிவிடும். தீ மிதமாக எரிய வேண்டும். மேலே சிவந்துவிட்டதே என்று எடுத்துவிடாதீர்கள். எண்ணெயில் சலசலப்பு முழுக்க அடங்கினால்தான் உள்ளே ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். நன்றாக ஆறிய பிறகே கோக்க வேண்டும். அம்மாயி வாழை நாரில் கோப்பார், நூலில் கோத்தால் வடை அறுபடும் என்பார். அவர் செய்த வடை நாலு நாள் ஆனாலும் உடைக்கும்போது சத்தம் வரும். அனுமன் ஜெயந்தியன்று நாமக்கல்லில் 1,00,008 வடை கோத்த மாலை சாற்றுகிறார்கள். அந்த வேலை பல நாள் முன்பே தொடங்கிவிடும். முதல் நாள் சுட்ட வடையும் ஜெயந்தியன்று கெடாமல் இருக்க வேண்டுமே!

ஏன் உளுந்து என்றும் கேட்டிருக்கிறீர்கள். குழந்தையாக இருந்தபோது ஆஞ்சநேயர் சூரியனைப் பழம் என்று நினைத்துப் பாய்ந்தார். அன்று சூரியனைப் பிடிக்க வந்த ராகு அவரிடம் தோற்று ஓடினான். ராகுவுக்கு உரிய தானியம் உளுந்து. அதைத் தன் பாம்பு உடல் போல வளைந்த மாலையாக்கி ஆஞ்சநேயருக்குச் சாற்றுபவர்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன் என்று ராகு வாக்குக் கொடுத்தானாம். ஜாங்கிரி மாலை சாற்றுவதற்கும் இதே காரணம்தான். ஜாங்கிரியும் உளுந்து மாவுதானே!

இரண்டு சின்னக் குழந்தைகளோடு சோளிங்கர் போகிறோம். குரங்குகள் அதிகம் என்கிறார்கள். பயமாக இருக்கிறது. — வாசகி, வேலூர்

அதிகம்தான். பயப்பட வேண்டாம், ஆனால் கவனம் வேண்டும்.

கையில் பிளாஸ்டிக் கவர் இருக்கவே கூடாது. உள்ளே துண்டு இருந்தாலும் சரி, மருந்து இருந்தாலும் சரி, கவர் என்றாலே தீனி என்று அவை பழகிவிட்டன. தேங்காய், பழத்தைத் துணிப்பையில் போட்டு, பெரியவர்கள் யாராவது மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் கையில் பிஸ்கட் கொடுத்து நடக்கவிடாதீர்கள். பறித்துவிட்டால் பறித்ததுதான், இழுபறி வேண்டாம். குரங்கு பல்லைக் காட்டினால் அது சிரிப்பு இல்லை, எச்சரிக்கை. கண்ணோடு கண் முறைத்துப் பார்க்காமல் மெதுவாக விலகுங்கள். ஓடினால் துரத்தும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் தம்பிக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு மலைக்கோயிலில் குரங்கு கையைக் கீறிவிட்டது. "சாமி குரங்கு, ஒன்றும் செய்யாது" என்று மஞ்சள் வைத்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். பக்கத்து வீட்டில் இருந்த கம்பவுண்டர்தான் சத்தம் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றி 14 ஊசி. தம்பி அழுதது இன்னும் காதில் இருக்கிறது. இப்போது கையில் சில ஊசிகளோடு முடிகிறது, அரசு மருத்துவமனையில் இலவசமாகவே போடுகிறார்கள். கீறலோ கடியோ, சின்னதாக இருந்தாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே போய்விடுங்கள். வெறிநாய்க்கடி நோய் குரங்கிடமிருந்தும் வரலாம். வந்துவிட்டால் பிழைப்பது அரிது.

அவற்றுக்குத் தீனி போடுவதும் புண்ணியம் இல்லை. நாம் போட்டுப் பழக்கியதால்தான் அவை மரத்தை விட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கின்றன.

சரி, இதையெல்லாம் படித்துவிட்டுப் போகாமல் இருந்துவிடாதீர்கள். சின்ன மலையில் யோக ஆஞ்சநேயர் நாலு கைகளோடு உட்கார்ந்திருக்கிறார், இரண்டில் சங்கும் சக்கரமும். அவரும் எதிரே பெரிய மலையில் இருக்கும் யோக நரசிம்மரைப் பார்த்துத்தான் அமர்ந்திருக்கிறார். நாமக்கல்லில் இடையே ஒரு தெரு என்றால், சோளிங்கரில் இடையே ஒரு பள்ளத்தாக்கு.

அம்மாவுக்கு முழங்கால் வலி. படி ஏறாமல் பார்க்க எந்தக் கோயில்? — வாசகர், தாம்பரம்

உங்களுக்கு அருகிலேயே நங்கநல்லூர் இருக்கிறது. 32 அடி உயரம், ஒரே கல். நாமக்கல்லும் சமதரைதான். சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்குள் இருக்கும் பெரிய அனுமனையும் நடந்தே பார்க்கலாம். சோளிங்கர் பெரிய மலைக்கு 1,305 படி, அங்கே 2024இல் ரோப் கார் வந்துவிட்டது. ஆஞ்சநேயர் இருக்கும் சின்ன மலைக்கு 406 படி. அம்மாவை அதில் ஏற்றாதீர்கள்.

வட இந்தியாவில் இருக்கும் மகள், அங்கே அனுமன் ஜெயந்தி சித்திரையில் வருகிறது என்கிறாள். எது சரி? — வாசகி, கோவை

இரண்டும் சரி. நம் பக்கம் மார்கழி அமாவாசையும் மூல நட்சத்திரமும். அங்கே சைத்ர மாதப் பௌர்ணமி. நமக்குச் சனிக்கிழமை விசேஷம் என்றால் அவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை. மகள் அங்கே அவர்களோடு கும்பிடட்டும், மார்கழியில் நீங்கள் இங்கே கும்பிடுங்கள்.

அவர் பிரம்மச்சாரி, அதனால் பெண்கள் அடிக்கடி போகக் கூடாது என்கிறார் மாமியார். — வாசகி, மதுரை

மாமியாரிடம் எதிர்த்துப் பேச வேண்டாம், கண்ணு. சனிக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போ. வரிசையில் எத்தனை பெண்கள் நிற்கிறார்கள் என்று அவரே பார்க்கட்டும்.

வெற்றிலை மாலை எப்படி வந்தது என்றும் கேள். அசோகவனத்தில் உயிரை விடத் துணிந்த ஒரு பெண்ணைக் காப்பாற்றியவர் அவர். திடீரென்று முன்னால் குதித்தால் அவள் பயந்துவிடுவாள், இன்னொரு அரக்கன் என்று நினைத்துவிடுவாள் என்று யோசித்து, மரத்தில் மறைந்தபடியே ராமர் கதையை மெல்லச் சொல்லத் தொடங்கினார். அவரை வாழ்த்தத் தூவ சீதைக்குப் பூ கிடைக்கவில்லை. அருகிலிருந்த வெற்றிலைக் கொடியில் கிள்ளி இலையைத் தூவினாள் என்பார்கள். ஒரு பெண் போட்ட வெற்றிலையை இன்று வரை மாலையாக ஏற்றுக்கொள்கிறவர், பெண்களை வராதே என்று சொல்வாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் அறுபது வருடமாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

கோயிலில் என் ஏழு வயது மகன், "ஏன் குரங்கைக் கும்பிடறோம்?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதட்டிவிட்டேன். என்ன சொல்லியிருக்க வேண்டும்? — வாசகி, பெங்களூரு

அதட்டியிருக்க வேண்டாம். நல்ல கேள்வி. கடற்கரைக் கதையைச் சொல்லுங்கள்.

சீதையைத் தேடி வந்த வானரங்கள் கடலுக்கு முன்னால் நிற்கின்றன. நூறு யோசனை தாண்ட வேண்டும். ஒருவன் பத்து தாண்டுவேன் என்கிறான், இன்னொருவன் இருபது. ஜாம்பவான், வயதாகிவிட்டது, தொண்ணூறுதான் முடியும் என்கிறார். அங்கதன் நூறு தாண்டுவேன், ஆனால் திரும்பி வர முடியுமோ தெரியவில்லை என்கிறான். இவ்வளவு பேச்சு நடக்கும்போது ஆஞ்சநேயர் ஓர் ஓரமாக வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார். சின்ன வயதில் சேட்டை செய்ததால் முனிவர்கள் கொடுத்த சாபம், தன் பலம் அவருக்கே தெரியாது. யாராவது எடுத்துச் சொன்னால்தான் நினைவு வரும். ஜாம்பவான் அவரிடம் போய், "நீ யார் தெரியுமா?" என்று சொல்லத் தொடங்குகிறார். சொல்லச் சொல்ல ஆஞ்சநேயர் வளர்கிறார்.

வகுப்பில் ஓரமாக உட்காரும் பிள்ளைகளுக்கு இந்தக் கதை உடனே பிடிக்கும். நான் 31 வருடம் ஆசிரியையாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். "குரங்கா, சாமியா?" என்று உங்கள் மகன் மறுபடி கேட்டால், இரண்டும்தான் என்று தயங்காமல் சொல்லுங்கள். வால் எங்கே போகிறது பார் என்று தூக்கிக் காட்டுங்கள். பல கோயில்களில் வால் தலைக்கு மேல் வளைந்து நிற்கும், சில இடங்களில் நுனியில் மணிகூட இருக்கும்.

தரிசனம் முடிந்ததும், நீ எவ்வளவு தூரம் தாண்டுவாய் என்று அவனைக் கேளுங்கள். பிரகாரத்தில் கூட்டம் இல்லாத பக்கமாக ஒரு தடவை தாண்டிக் காட்டட்டும். எத்தனை கல் தாண்டினான் என்று எனக்கு எழுதுங்கள்.