கட்டம் கட்டிய முகங்கள்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நாங்கள் ஐந்து பேர் ஞாயிறு சாயங்காலம் பாளையங்கோட்டையில் ஒரு டீக்கடையில் கூடுவோம். பெயர்களை விரலால் மறைத்து, போஸ்டரை மட்டும் காட்டி என்ன படம் என்று கேட்பது எங்கள் விளையாட்டு. போன வாரம் வந்தது: தீப்பிடித்த உயரமான கட்டடம், அடியில் வரிசையாகக் கட்டம் கட்டிய முகங்கள். ஒருவன் 'டை ஹார்ட்' என்றான். நான் 'பொசைடன் அட்வென்ச்சர்' என்று சொல்லி அஞ்சு டீக்குக் காசு கொடுத்தேன். விடை 'டவரிங் இன்ஃபெர்னோ'. எரிகிற கட்டடத்தைப் பார்த்துக் கப்பல் படம் என்கிறாயேல என்று இன்னும் கேலி. எனக்கு அந்த முகங்கள்தான் கண்ணில் பட்டன. அவற்றை எதற்கு அப்படிப் போடுகிறார்கள்? நட்சத்திரங்களைக் காட்டத்தானா?

ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

டீக்காசு போனாலும் உங்கள் கண் சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது. 1972இல் கப்பலைக் கவிழ்த்தவரும் 1974இல் கட்டடத்தைக் கொளுத்தியவரும் ஒரே தயாரிப்பாளர், இர்வின் ஆலன்.

நட்சத்திரங்களைக் காட்டுவதும் உண்டுதான். 'டவரிங் இன்ஃபெர்னோ' போஸ்டரில் ஸ்டீவ் மெக்வீன் பெயர் இடப்பக்கம், பால் நியூமன் பெயர் வலப்பக்கம் ஒரு படி மேலே. இடமிருந்து வாசித்தால் மெக்வீன் முதல், மேலிருந்து வாசித்தால் நியூமன் முதல். விரலை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

ஆனால் அடியில் இருக்கும் கட்டங்களுக்கு வேறு வேலை. இந்தப் படங்களில் என்ன நடக்கப்போகிறது என்பதைப் போஸ்டரே சொல்லிவிடும். யார் பிழைப்பார் என்பதை மட்டும் சொல்லாது. 'பொசைடன்' போஸ்டரில் அந்தக் கேள்வியையே அச்சடித்திருந்தார்கள். டிக்கெட் எடுக்கும்போதே நாம் ஒரு முகத்தைப் பிடித்துக்கொள்கிறோம், இந்த ஆள் தப்பிக்கணுமே என்று.

'டவரிங் இன்ஃபெர்னோ'வில் 138 மாடிக் கட்டடம். மட்டமான வயரிங்கால் 81ஆவது மாடியில் தீ. 135இல் திறப்பு விழா விருந்து. அங்கே ஃப்ரெட் அஸ்டெயர் ஏமாற்றிப் பிழைக்கிற வயதானவர், ஜெனிஃபர் ஜோன்ஸ் அவரை மனசார நம்புகிற அம்மாள். எல்லாம் அடங்கியபின் அவர் கீழே கூட்டத்துக்குள் அந்த அம்மாளைத் தேடுகிறார். காவலாளி வந்து அவள் வளர்த்த பூனையை அவர் கையில் கொடுக்கிறார். அவ்வளவுதான். எனக்கு அந்தத் தீயெல்லாம் மறந்துபோயிற்று, பூனையை வாங்கிய கை மறக்கவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். 1992 நவம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்து போனதே, அது வடிந்தபின் நான் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் நடந்தேன். ஒரு சுவரில் ஆள் உயரத்துக்கு வண்டல் கோடு. அதற்குக் கீழே மைதாப் பசை ஊறி, போஸ்டர்கள் அடுக்கடுக்காக உரிந்து தொங்கின. புதுப்படத்துக்கு அடியில் பழைய படம், அதற்கும் அடியில் இன்னொன்று. ஒரு கண், ஒரு மீசை, பாதி எழுத்து. சேற்றில் நின்றபடி நாலைந்து பேர், "ஏல, அது அந்தப் படம்லா" என்று பேர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு வீடு போயிருந்தது. அவர்தான் எல்லாருக்கும் முன்னால் சரியாகச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு கப்பலையும் கட்டடத்தையும் மறைத்துவிட்டு, முகங்களை மட்டும் காட்டுங்கள். படத்தின் பெயரைக் கேட்காமல், யார் கரையேறுவார் என்று கேளுங்கள். முதலில் 'பொசைடன்' பார்த்துவிடுங்கள். கப்பல் கவிழ்ந்தபின் அதிகாரி சொன்னபடி கூடத்திலேயே காத்திருந்தவர்கள் யார், கிறிஸ்துமஸ் மரத்தைப் பிடித்து ஏறினவர்கள் யார் என்று கவனியுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி