கராத்தே மாஸ்டருக்கு அரை மணி நேரம் கொடுங்கள்

கேள்வி: மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றில், அவசர சிகிச்சைப் பிரிவில் பொறுப்புச் செவிலியராக இருக்கிறேன். போன மாதம் நைட் டியூட்டியின்போது, விபத்தில் அடிபட்டு வந்த ஒருவரின் தம்பி, "டாக்டர் எங்கே, டாக்டர் எங்கே" என்று கேட்டபடியே எங்கள் பயிற்சி மாணவியைப் பிடித்துத் தள்ளிவிட்டார். ஸ்ட்ரெச்சர் கம்பியில் மோதி அவளுக்கு நெற்றியில் மூன்று தையல். இப்போது நிர்வாகம் கராத்தே மாஸ்டர் ஒருவரை வைத்து எல்லா ஸ்டாஃபுக்கும் இரண்டு மணி நேரம் தற்காப்புப் பயிற்சி தரப்போகிறது. ஏற்பாடு செய்யும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கு 52 வயது, மூட்டுவலி வேறு. இந்தப் பயிற்சியால் பிரயோஜனம் உண்டா? இல்லையென்றால் வேறு என்ன கேட்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சிஸ்டர், அந்த மாணவி இப்போது எப்படி இருக்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கராத்தே மாஸ்டர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அவர் பாடம் ஆரம்பிப்பதே எதிராளி கை ஓங்கிய பிறகுதான். உங்கள் வார்டில் நடந்தது அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. அந்தத் தம்பி எத்தனை முறை "டாக்டர் எங்கே" என்று கேட்டிருப்பார்? ஒவ்வொரு முறையும் யார், என்ன பதில் சொன்னார்கள்? "வருவார், வெளிய நில்லுங்க" என்பதைத் தவிர வேறு ஏதாவது அவர் காதில் விழுந்ததா? தள்ளியது ஒரு நொடி. அதற்கு முந்தைய பத்து, பதினைந்து நிமிடத்துக்குத்தான் பயிற்சி வேண்டும். தவிர, நோயாளியின் ஆட்களை நர்ஸ் ஒருவர் கராத்தே அடியாக அடித்தால், சுற்றி நிற்கும் பத்து செல்போனில் அது எப்படிப் பதிவாகும் என்பதையும் நிர்வாகத்துக்கு நினைவுபடுத்துங்கள்.

மனநல வார்டில் 22 வருடம் வேலை பார்த்தவள் நான். நார்வேக்காரர்கள் அங்கே பயன்படுத்த ஒரு சின்னப் பட்டியல் வைத்திருக்கிறார்கள், ப்ரோசெட் என்று பெயர். குழப்பம், எரிச்சல், ஆரவாரம், வாயால் மிரட்டுவது, உடம்பால் மிரட்டுவது, பொருட்களை உடைப்பது அல்லது எறிவது என்று மொத்தம் ஆறே விஷயம். நோயாளியிடம் காண்பது ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க், மூன்று வந்தால் உடனே ஆள் சேர்க்க வேண்டும். கேஷுவாலிட்டியில் யாருக்கும் மார்க் போட நேரமில்லை, சரி. ஆனால் அறையில் இருக்கும் எல்லோரும் ஒரே அறிகுறியைப் பார்த்து ஒரே பெயர் சொல்லப் பழகலாம். நாங்கள் "சூடு ஏறுது" என்போம். ஆயாம்மா அதைச் சொன்னாலும் டியூட்டி டாக்டர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் ஆயாம்மாதான் முதலில் சொல்வார்.

அப்புறம், பேச்சு. "அமைதியா இருங்க" என்ற சொல்லைக் கேட்டு அமைதியான மனிதரை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. அதற்குப் பதிலாக இப்படிப் பழகச் சொல்லுங்கள்: "அடிபட்டது உங்க அண்ணனா? பேர் என்ன சொன்னீங்க? டாக்டர் உள்ள இன்னொரு சீரியஸ் கேஸ் பாக்குறாரு. நான் போய் உங்க அண்ணனுக்கு பிபி பாத்துட்டு, பத்து நிமிஷத்துல நானே வந்து சொல்றேன்." பத்தாவது நிமிடம், சொல்ல ஒன்றுமே இல்லாவிட்டாலும் போய் நிற்க வேண்டும். "இன்னும் ஸ்கேன் வரலை, வந்ததும் சொல்றேன்" என்றாவது சொல்ல வேண்டும். போகாவிட்டால் முன்பு சொன்னதும் வீண். ஒருவர்தான் பேச வேண்டும் என்பது இன்னொரு விதி. நான்கு பேர் சேர்ந்து சமாதானம் சொன்னால் அவருக்கு அது நான்கு பேரோடு சண்டை.

நிற்கும் இடமும் பழக வேண்டிய விஷயம்தான். நேருக்கு நேர் நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில், இரண்டு கை நீளம் தள்ளி நில்லுங்கள். கதவு உங்கள் முதுகுப் பக்கம் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், ஆனால் அவர் வெளியே போகும் வழியை நீங்கள் அடைக்கக் கூடாது. கழுத்தில் ஐடி கார்டு கயிறும் ஸ்டெதஸ்கோப்பும் தொங்கினால் கழற்றி மேஜையில் வையுங்கள். பாக்கெட்டில் கத்தரிக்கோல் இருந்தால் அதையும்தான். இதையெல்லாம் ஹாலில் நாற்காலி போட்டு ஸ்லைடு காட்டிச் சொன்னால் யாருக்கும் நிற்காது. உங்கள் கேஷுவாலிட்டியிலேயே, அதே ஸ்ட்ரெச்சரை அதே இடத்தில் போட்டு, டியூட்டி மாறும் நேரத்தில் கால் மணி நேரம் நடித்துப் பாருங்கள். தம்பி வேஷத்தை செக்யூரிட்டி அண்ணனிடம் கொடுங்கள். வாசலில் நின்று எத்தனை தம்பிகளைப் பார்த்தவர் அவர்! டாக்டர்களும் நடிக்க வர வேண்டும். நர்ஸுகளுக்கு மட்டும் பயிற்சி என்றால் அடி வாங்குவது நர்ஸ் வேலை என்று எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

எகிறுபவர் நோயாளியே என்றால் கணக்கு வேறு. ஆர்த்தோ வார்டில் ஒருவர், கால் முறிவு. இரண்டு நாள் பரம சாது. மூன்றாம் நாள் ராத்திரி போர்வையில் இல்லாத பூச்சியைப் பொறுக்கிப் பொறுக்கிப் போடுகிறார், வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, ட்ரிப்ஸைப் பிடுங்கிவிட்டுத் தடுக்க வந்தவரை எட்டி உதைக்கிறார். பக்கத்து பெட்காரர்கள் "ரவுடிப்பய" என்றார்கள். தினமும் குடித்தவருக்குக் குடி நின்ற இரண்டு மூன்று நாளில் வரும் ஜன்னி அது, கவனிக்காவிட்டால் உயிரே போகும். சர்க்கரை இறங்கினாலும், தலையில் அடிபட்டாலும், ஆக்சிஜன் குறைந்தாலும் ஆள் இப்படி மாறலாம். அதனால் திடீரென்று மூர்க்கமாகும் நோயாளியிடம் எடுக்க வேண்டிய முதல் ஆயுதம் குளுக்கோமீட்டர். அட்மிஷன் போடும்போதே "கடைசியா எப்ப குடிச்சீங்க" என்று கேட்டு கேஸ் ஷீட்டில் எழுதும் பழக்கம் வந்துவிட்டால், பாதி மல்லுக்கட்டு நடக்காமலே போகும் என்பது என் அனுபவம்.

பிடித்தே ஆக வேண்டிய நிலை வந்தால்? இதற்குத்தான் முறையாகக் கற்றுத்தர ஆள் தேவை. அது கராத்தே மாஸ்டர் வேலை இல்லை. மனநலப் பிரிவில் அனுபவம் உள்ள டாக்டரையோ நர்ஸையோ கேளுங்கள். குப்புறப் போட்டு முதுகில் ஏறி அமுக்குவது கூடவே கூடாது. 1998-இல் இங்கிலாந்தில், நாரிச் நகரில், டேவிட் பென்னட் என்ற நோயாளியை மனநலப் பிரிவின் ஊழியர்கள் குப்புறப் பிடித்து வைத்திருந்தபோது அவர் இறந்தார். விசாரணைக் குழு, குப்புறப் பிடிப்பது மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்றது. "மூச்சு முட்டுது" என்று ஒருவர் சொன்னால், "பேச முடியுதுல்ல, நடிக்கிறான்" என்று சொல்லும் ஆட்கள் நம் வார்டுகளில் உண்டு. பேச முடிவதால் மூச்சு சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, உடனே பிடியைத் தளர்த்த வேண்டும். கைகால் பிடிப்பவர்கள் தவிர, தலைமாட்டில் ஒருவர் முகத்தையும் மூச்சையும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கட்டிப்போடுவது பற்றி நம் ஊரில் விளக்கம் தேவையில்லை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் வெந்து செத்தார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. மனநோயாளியைக் கட்டுப்படுத்துவது, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், சிகிச்சைக்குப் பொறுப்பான மனநல மருத்துவரின் அனுமதியோடுதான் என்கிறது. தண்டனையாகவோ, "ஆள் பத்தவில்லை" என்ற காரணத்துக்காகவோ செய்யக் கூடாது என்றும் சொல்கிறது. பேண்டேஜ் துணியை முறுக்கிக் கட்டில் கம்பியில் கட்டுகிறவர்களுக்கு இந்தக் கடைசி வரியை வாசித்துக் காட்டுங்கள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பயிற்சி கொடுத்துவிட்டால் அடிதடி குறைந்துவிடும் என்று நிர்வாகத்திடம் நீங்கள் வாக்குக் கொடுக்காதீர்கள். இது பற்றிய ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்த காக்ரேன் குழு, 2020-இல், ஊழியர்களின் அறிவும் மனப்பாங்கும் கொஞ்ச காலத்துக்கு மேம்படலாம், ஆனால் தாக்குதல் குறைவதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னது. 2024 நவம்பரில் சென்னை கிண்டி மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவரை ஒரு நோயாளியின் மகன் அவருடைய அறையிலேயே கத்தியால் குத்தினார். கத்தியோடு வருபவரை வாய்ப்பேச்சு மட்டும் நிறுத்தாது. அதனால் பயிற்சிக் கடிதத்தோடு இன்னொரு கடிதமும் வையுங்கள். அறைக்கு இரண்டாவது கதவு, கைக்கெட்டும் இடத்தில் மணி, ஒரு நோயாளியோடு உள்ளே இருக்க அவர் ஆட்களில் ஒருவர் மட்டும், வெளியே காத்திருப்பவர்களுக்கு நிலவரம் சொல்ல ராத்திரியும் ஓர் ஆள். கடைசியாகச் சொன்னதற்குப் பெரிய செலவு இல்லை. ஆனாலும் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள், விடாதீர்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. தமிழ்நாட்டின் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவ ஊழியரைத் தாக்குவது ஜாமீனில் வர முடியாத குற்றம், மூன்று முதல் பத்து வருடம் வரை சிறை. கொல்கத்தா மருத்துவமனையில் பெண் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட கொடூரத்துக்குப் பிறகு, 2024 ஆகஸ்ட்டில் மத்திய சுகாதாரத் துறை அனுப்பிய சுற்றறிக்கை, ஆறு மணி நேரத்துக்குள் போலீசில் புகார் பதிவு செய்யும் பொறுப்பு மருத்துவமனைத் தலைவருடையது என்றது. உங்கள் மாணவி விஷயத்தில் புகாரில் கையெழுத்துப் போட்டது யார்? அவளையே ஸ்டேஷனுக்கு அனுப்பியிருந்தால் அது தவறு.

இனி அவள். "நீ ஏன் அங்க போய் நின்ன?" என்று யாராவது கேட்டிருப்பார்கள். நம் ஆட்கள் கேட்காமல் இருக்க மாட்டார்கள். டீ வாங்கிக் கொடுத்து, வேறு யாரும் இல்லாத இடத்தில், அன்று என்ன நடந்தது என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். குறுக்கே எதுவும் பேசாதீர்கள். அடுத்த சில நைட் டியூட்டிகளில் அவளை உங்களோடு போட்டுக்கொள்ளுங்கள். மனசு வராவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் பகல் டியூட்டியிலேயே இருக்கட்டும். ஒத்திகை நடத்தும்போது அந்த ராத்திரியையே நடிக்கலாமா என்று முதலில் அவளிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேறு சம்பவம் எடுங்கள்.

கராத்தே மாஸ்டரை வரவேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மணி நேரத்தில் அரை மணியை அவருக்குக் கொடுங்கள், இரண்டே விஷயம் கேளுங்கள். மணிக்கட்டைப் பிடித்தால், பிடித்தவரின் கட்டைவிரல் இருக்கும் பக்கமாகக் கையைத் திருப்பி இழுப்பது. கொண்டையைப் பிடித்தால், அவர் கையை உங்கள் இரண்டு கைகளாலும் தலையோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, உதவிக்குக் கத்துவது. இரண்டுக்கும் மூட்டுவலி தடையில்லை.