ஜப்பானியச் சமையலைச் சைவமாக, உடம்புக்கு இதமாகச் செய்வது எப்படி?

முதல் சிக்கல் மீன். காய்கறி சூப் என்றாலும் அதன் அடிப்படையான தாஷி சாறு பெரும்பாலும் கட்சுவோபுஷி என்ற உலர்மீன் சீவலில் எடுத்தது. அதற்குப் பதில் கொம்பு போதும் (மாட்டுக் கொம்பு இல்லை, கடற்பாசி!). ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொம்பு, நாலைந்து உலர்ந்த ஷீட்டாகே காளான் போட்டு இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் மெதுவாகச் சூடாக்கி, அடியில் சின்னக் குமிழ்கள் எழும்போதே கொம்பை எடுத்துவிடுங்கள். கொதித்தால் வழவழத்துக் கசக்கும். 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இகேடா உமாமி சுவையை (காளான், தக்காளியில் வரும் ஆழ்ந்த சுவை) பிரித்தறிந்ததே கொம்புச் சாற்றிலிருந்துதான். சாறு நன்றாக இறங்கினால் போட வேண்டிய உப்பு தானாகவே குறையும்.

அதுதான் முக்கியம். சூப்பில் கரைக்கும் மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) ஒரு மேசைக்கரண்டியிலேயே ஏறக்குறைய 2 கிராம் உப்பு இருக்கிறது; சோயா சாஸும் லேசுப்பட்டதல்ல. மிசோவை அடுப்பை அணைத்த பிறகு கரையுங்கள், மணம் நிற்கும். மீன் சாறு கலந்த மிசோவும் விற்கிறது, லேபிளைப் பாருங்கள்.

மாவில் தோய்த்துப் பொரிக்கும் டெம்புரா? எப்போதாவது சரி. மற்ற நாளில் கத்திரிக்காயை நெடுக்காகப் பிளந்து, கொஞ்சம் எண்ணெய் விட்டுத் தோசைக்கல்லில் வாட்டி, மேலே மிசோ தடவினால் நாசு டெங்காகு தயார்.

அப்புறம், கொம்பில் அயோடின் மிக அதிகம். தைராய்டு தொல்லை இருந்தால் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.