ஹிட்லர்-ஸ்டாலின் கூட்டு நீடித்திருந்தால்? – கடிதம், பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாற்று வரலாற்று நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். 1941 ஜூன் 22 அதிகாலை ஹிட்லர் மனம் மாறி ரஷ்யா மீதான படையெடுப்பைக் கைவிடுகிறார். ஸ்டாலினுடன் கூட்டு தொடர்கிறது. மறு ஆண்டே ரஷ்யாவின் செம்படை ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியாவுக்குள் இறங்குகிறது. படித்த நண்பர்கள் நம்பும்படி இல்லை என்கிறார்கள். எங்கே இடிக்கிறது?

கே.

அன்புள்ள கே.,

முதலில் தேதி இடிக்கிறது. முப்பது லட்சம் பேரை எல்லையில் கொண்டுவந்து நிறுத்தியவர் விடிகாலையில் மனம் மாறினார் என்றால் யார் நம்புவார்கள்? ஏழு மாதம் பின்னால் போங்கள்.

1940 நவம்பர் 12, 13. ஸ்டாலினின் வெளியுறவு அமைச்சர் மொலோடோவ் பெர்லினில் இருக்கிறார். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கு இப்போதே பாகப்பிரிவினை போட்டு, தெற்கே இந்தியப் பெருங்கடல் பக்கம் உங்களுக்கு என்கிறார் ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ரோப். மொலோடோவோ, ஃபின்லாந்தில் உங்கள் படைக்கு என்ன வேலை, ருமேனியாவுக்கு ஏன் உத்தரவாதம் கொடுத்தீர்கள் என்று துருவிக்கொண்டே இருக்கிறார். 13ஆம் தேதி இரவு பிரிட்டிஷ் விமானங்கள் வந்துவிட, மிச்சப் பேச்சு பதுங்கறையில் நடந்தது. (கற்பனையே வேண்டாத காட்சி. அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.)

நவம்பர் 25 அன்று மாஸ்கோ பதில் அனுப்பியது. ஜெர்மனி, இத்தாலி, ஜப்பானோடு நான்காவதாகச் சேரத் தயார். ஆனால் ஃபின்லாந்திலிருந்து ஜெர்மன் படை வெளியேற வேண்டும், பல்கேரியாவோடு எங்களுக்கு ஒப்பந்தம் வேண்டும், துருக்கி ஜலசந்திகளுக்குப் பக்கத்தில் ராணுவத் தளம் வேண்டும். ஹிட்லர் பதிலே போடவில்லை. டிசம்பர் 18 அன்று ரஷ்யப் படையெடுப்புக்கான பார்பரோசா ஆணையில் கையெழுத்திட்டார். உங்கள் கதை பிரிய வேண்டியது இந்த மூன்று வாரத்தில்தான். ஹிட்லரை ஃபின்லாந்தை விட்டுக்கொடுக்க வைப்பது சுலபம். அங்கிருந்து ஜெர்மனிக்குப் போகும் நிக்கலுக்கும் மரத்துக்கும் மாஸ்கோவே உறுதி தந்திருந்தது. பல்கேரியாவில் கை வைக்காதீர்கள். அங்கே செம்படை வந்தால் ஜெர்மனி நம்பியிருக்கும் ருமேனிய எண்ணெய் வயல்களுக்கு இரண்டு பக்கமும் ஆபத்து.

அடுத்து, உங்கள் கூட்டாளிகள் நண்பர்களாக இருக்கிறார்கள். அது தேவையில்லை, கணக்குப் புத்தகம் போதும். 1940 பிப்ரவரி 11 ஒப்பந்தப்படி ரஷ்யா தரவேண்டியதில் தானியம் 10 லட்சம் டன், பெட்ரோலியம் 9 லட்சம் டன். பதிலுக்கு இயந்திரங்கள், நிலக்கரி, பாதி கட்டிய லூட்சோவ் என்ற போர்க்கப்பல். ஜெர்மனி இழுத்தடித்ததும் அந்த வசந்தத்திலேயே ஸ்டாலின் தானியத்தையும் எண்ணெயையும் நிறுத்திவைத்தார். கூட்டு நீள நீள ஜெர்மனியின் கடன் ஏறும். அதை அடைக்கத் தன் படைக்குச் செய்யும் தளவாடத்திலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். நாவலின் பதற்றம் அங்கே இருக்கிறது.

எல்லை நகரமான பிரெஸ்டின் சரக்கு யார்டில் ஒரு குமாஸ்தாவை வையுங்கள். அன்றைய ரஷ்யத் தண்டவாள அகலம் 1524 மி.மீ., ஜெர்மன் 1435. 89 மி.மீ. வித்தியாசத்துக்காக ஒவ்வொரு டன்னும் வண்டி மாற வேண்டும். 1941 வசந்தத்தில் ஜெர்மனியால் போதிய வேகன் அனுப்ப முடியாமல் தானியம் எல்லையிலேயே தேங்கிக் கிடந்தது.

இந்தியப் படையெடுப்பை எடுத்துவிடுங்கள். அன்று ரஷ்ய ரயில் ஆப்கானிஸ்தானின் வடக்கு எல்லையில் குஷ்காவில் முடிந்தது, பிரிட்டிஷ் இந்திய ரயில் தெற்கு எல்லையில் சமனில். நடுவே ஹேராத், காந்தஹார் வழியாக 700 கி.மீ.க்கு மேல் சாலை மட்டும்தான். நூறு கிலோமீட்டருக்கு 20 லிட்டர் என்று வைத்தாலும், ஒன்றரை டன் லாரி போய்வர 280 லிட்டர், ஏறத்தாழ 200 கிலோ, தானே குடித்துவிடும். அதற்குப் பிறகு இந்திய அகலப்பாதை, 1676 மி.மீ.!

படையை ஈரானுக்குத் திருப்புங்கள். பாகு, பாதூமுக்குத் தெற்கே பாரசீக வளைகுடா நோக்கிய பகுதியை மாஸ்கோவே அந்த நவம்பர் 25 பதிலில் கேட்டிருந்தது. காஸ்பியனிலிருந்து வளைகுடா வரை ரயில்பாதை 1938லேயே தயார். போய் முட்டுவது பிரிட்டிஷாரின் அபாதான் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில். பிரிட்டனுக்கு அங்கேதான் வலிக்கும்.

இந்தியா வந்தே ஆகவேண்டும் என்றால் சுபாஷ் சந்திர போஸ் இருக்கிறார். காபூலிலிருந்து மாஸ்கோ வழியாக 1941 ஏப்ரல் தொடக்கத்தில் அவர் பெர்லின் சேர்ந்ததே இந்தக் கூட்டு திறந்துவைத்த பாதையில்தான். அது மூடாமல் இருந்தால் 1943இல் அவர் ஆசியா திரும்ப நீர்மூழ்கிக் கப்பல் எதற்கு? சைபீரிய ரயிலில் ஏறிக் கிழக்கே போய்விடுவார்.